கைக்கருவியும் மனத்தராசும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, மழை சற்று விட்டிருந்த வேளையில், என் மாணவன் ஒருவனின் தாயார் குறிஞ்சாக்கேணியிலுள்ள என் வீட்டு வாயிலுக்கு வந்தார். அவர் கணவர் கடற்றொழிலாளி. மகன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் பயில்பவன். தளை தட்டாது வெண்பா யாக்கவல்ல மிகச் சிலருள் ஒருவன். வந்த அம்மையார் நெடுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, முடிவிலே தம் கையிலிருந்த காப்பைத் தொட்டுக்கொண்டு, "சேர், இவன் ஐபோன்தான் வேணுமெண்டு ஒரே பிடியா நிக்கிறான். இதைத்தான் அடகு வைக்கோணும். அந்தப் போனுக்குள்ள அப்பிடி என்னதான் இரிக்கி?" என்று கேட்டார்.

ஐயந்திரிபறப் பாடஞ் சொல்லிப் பழகிய எனக்கு அவ்வினாவுக்கு விடை தோன்றவில்லை. "மகனோடு பேசிப் பார்க்கின்றேன், காப்பை இப்போதைக்கு வைக்க வேண்டாம்" என்று மட்டும் கூறி அனுப்பினேன். பின்னர் பல நாள் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. கடைத்தெருவிலும், பேருந்திலும், கலியாண வீட்டுப் பந்தரிலும் இளைஞர் கூடிய இடமெல்லாம் ஐபோனோ அன்ட்ரொயிட்டோ மேலானது என்ற வழக்கு நடப்பதை அதன் பின்னரே செவிகொடுத்துக் கேட்கலானேன். இலக்கணம் கற்றவனுக்கு இதிலென்ன வேலை என வாசகர் வினவலாம். மக்கள் ஒன்றை விரும்புவதற்குக் கூறுங் காரணமும் உண்மைக் காரணமும் வேறுபடும் இடமெல்லாம் ஆசிரியனுக்கு வேலை உண்டு என்பதே என் விடை.

முதற்கண் பொருளின் இயல்பைக் காண்போம். இன்று உலகில் வழங்கும் திறன்மிகு கையடக்கத் தொலைபேசிகள் ஏறக்குறைய யாவும் இரு குலத்துள் அடங்கும். அப்பிள் நிறுவனம் தன் ஐபோனை 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு விலைக்கு வாங்கிய அன்ட்ரொயிட் என்னும் இயங்குதளத்தைத் தாங்கிய முதற் கருவி 2008ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. இன்று உலகத்துக் கருவிகளுட் பத்தில் ஏழளவு அன்ட்ரொயிட்டின்பாற்பட்டவை. ஆயினும் அமெரிக்க நாட்டிலே ஐபோன் வைத்திருப்போரே பாதிக்கு மேற்பட்டவர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவருக்கு யான் விளக்கிய முறை ஒன்றுண்டு. தொல்காப்பியம் என்னும் மூலம் ஒன்று. அதற்கு இளம்பூரணர் உரை வேறு, சேனாவரையர் உரை வேறு, நச்சினார்க்கினியர் உரை வேறு. ஒரு சூத்திரத்துக்கே மூவர் மூன்று பொருள் கொண்ட இடங்களும் உண்டு. அன்ட்ரொயிட்டும் அத்தகையதே. கூகிள் வெளியிடும் மூலத்தைச் சம்சுங் ஒருவகையாகவும் சியாவோமி மற்றொருவகையாகவும் தத்தமக்கு ஏற்ப மாற்றித் தம் கருவியில் ஏற்றுகின்றன. மலிவான உரையும் உண்டு, மாண்பான உரையும் உண்டு. ஐபோனோ, சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்தைத் தாமே இயற்றித் தாமே உரையுஞ் செய்தது போல்வது. கருவியைச் செய்தவரும் அதனை இயக்கும் நிரலைச் செய்தவரும் ஒருவரே. ஆதலின் அங்கே முரண் குறைவு. படிப்போன் தன் விருப்பம்போற் பொருள்கொள்ளும் உரிமையும் குறைவு.

யான் கீழைத்தேயக் கல்லூரியிற் பயின்ற காலத்தில் எங்களுள் இரு கட்சி இருந்தது. தொல்காப்பியமே நூல், நன்னூல் அதன் சுருக்கம் என்பார் ஒரு சாரார். நன்னூலைப் போல் வரம்பும் ஒழுங்கும் தொல்காப்பியத்தில் எங்கே என்பார் மறுசாரார். இரவு உணவு ஆறும்வரை வாதிடுவோம். பல்லாண்டு கழித்து எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகியது. எந்த ஆசிரியரிடம் முதலிற் பாடங்கேட்டோமோ அவர் போற்றிய நூலையே நாங்கள் போற்றினோம். இரண்டையும் முற்றக் கற்று, எடைபோட்டுக் கட்சி சேர்ந்தவர் எங்களுள் ஒருவருமிலர்.

நிற்க. இரு குலத்துக்கும் மெய்யான சிறப்புக்கள் உள. நடுநிலையோடு அவற்றைக் கூறுதல் கடன். ஐபோனுக்குப் புதிய பதிப்புக்கள் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்து வந்தன; 2015ஆம் ஆண்டுக் கருவியொன்று 2021ஆம் ஆண்டுப் பதிப்பையும் ஏற்றது. அன்ட்ரொயிட்டின் மலிவான கருவிகளோ இரண்டு மூன்று ஆண்டிற் கைவிடப்பட்டன. இக்குறையைக் கூகிளும் சம்சுங்கும் உணர்ந்து, தம் உயர்தரக் கருவிகளுக்கு ஏழாண்டுவரை புதுப்பிப்பு வழங்குவதாக 2023, 2024ஆம் ஆண்டுகளில் அறிவித்தன. ஒரு செயலி நம்மைப் பிற செயலிகளுட் பின்தொடர்வதற்கு நம் இசைவைக் கேட்கவேண்டும் என்னும் விதியை அப்பிள் 2021ஆம் ஆண்டு கொண்டுவந்தது. விளம்பரத்தாற் பொருளீட்டும் கூகிளுக்கு அத்துணை விரைவு இருக்கவில்லை. மறுபுறம், மின்கலம் முதிர்ந்த பழைய கருவிகளின் வேகத்தைத் தான் குறைத்ததாக அப்பிள் 2017ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டு, வாங்கியோரிடம் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் விலையைத் தாழ்த்த நேர்ந்தது. அன்ட்ரொயிட் கருவியை எளியவரும் வாங்கலாம். பழுதுபட்டால் நம் ஊர்க் கடையிலேயே பெரும்பாலும் சீராக்கலாம்.

இவை யாவும் மெய்யே. ஆயினும் என் மாணவன் இவற்றுள் ஒன்றையேனும் கூறினானல்லன். "ஏன் தம்பி, அந்தக் கருவிதான் வேண்டும் என்கிறாய்?" என்று யான் கேட்டபோது, "அது நல்லம் சேர்" என்றான். "எவ்வகையில் நல்லது?" என்றேன். தலைகுனிந்து நின்றான். கருவியின் குணங்களை ஆராய்ந்து அவன் அதனை விரும்பவில்லை என்பது அம்மௌனத்தில் விளங்கிற்று. வேறெதற்காக விரும்பினான்?

அமெரிக்காவிலே இதற்கொரு காரணம் சொல்லுவர். அங்கு இளையோர் அப்பிளின் செய்திச் செயலியாலேயே பெரிதும் அளவளாவுவர். ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செல்லும் செய்தி நீலக் குமிழியாகவும், அன்ட்ரொயிட்டுக்குச் செல்வது பச்சைக் குமிழியாகவும் தோன்றும். பச்சை நிறத்தான் நண்பர் குழுவிலிருந்து ஒதுக்கப்படுகின்றான் என்னுங் குறை நெடுநாள் உண்டு. அந்நாட்டு நீதித் திணைக்களம் 2024 மார்ச்சு மாதம் அப்பிள்மேல் தொடுத்த வழக்கிலும் இந்நிற வேற்றுமை எடுத்துக் கூறப்பட்டது. நம் நாட்டிலோ பாட்டி முதற் பேரன் வரை யாவரும் வட்ஸ்அப்பிலேயே பேசுகின்றோம். அங்கே எக்கருவியிலிருந்து வந்த செய்திக்கும் ஒரே நிறந்தான். நீலக் குமிழி இல்லாத ஊரில் நீலக் குமிழியின் பெருமிதம் மட்டும் எவ்வாறு வந்து சேர்ந்தது?

விலையே அதனைக் கொண்டுவந்தது என்று கருதுகின்றேன். 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோன் ஒன்றின் அமெரிக்க விலை 999 டொலர். டொலர் ஒன்று 200 ரூபாவாக நின்றபோது, வரி முதலியன நீங்கலாக அத்தொகை ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபா. 2022ஆம் ஆண்டு நம் நாட்டின் பொருளாதாரம் சரிந்து டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது, அதே தொகை மூன்றரை இலட்சத்துக்கும் மேலாயிற்று. கருவியின் குணம் ஓரணுவும் கூடவில்லை. ஆயின் அதனைக் கையில் வைத்திருப்பவன் பிறரிடமிருந்து விலகி நிற்குந் தூரம் கூடிற்று. எளியோர்க்கு எட்டாததாகும்தோறும் ஒரு பொருள் உயர்வின் அடையாளமாகின்றது. நம் பாட்டன்மார் காலத்திற் கைக்கடிகாரமும், தந்தையார் காலத்தில் மோட்டார்ச் சைக்கிளும் பெற்றிருந்த இடத்தை இன்று கடித்த அப்பிள் பெற்றிருக்கின்றது. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வருவோன் சட்டைப்பையில் அது பாதி வெளியே தெரியும்படி இருப்பதன் பொருளை ஊரில் எவருக்கும் உரைகூற வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். எங்கள் ஊர் நீர் சூழ்ந்தது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போகப் படகுப்பாதையை நம்பியிருந்தோம். பாலமில்லாக் காலத்தில் இக்கரையிற் பிறந்தவன் இக்கரையிலேயே கொண்டும் கொடுத்தும் வாழ்ந்து, அக்கரையைக் குறைகூறி மனத்தை ஆற்றிக்கொள்வான். கருவிகளின் நிலையும் அதுவே. பத்தாண்டுப் புகைப்படங்கள், விலைகொடுத்து வாங்கிய செயலிகள், விரலுக்குப் பழகிய அசைவுகள் யாவற்றையும் ஒரு கரையில் வைத்தபின் மறுகரைக்குப் போதல் அரிது. அக்கடப்பை அரிதாக வைத்திருப்பதில் நிறுவனங்களுக்கு ஊதியமும் உண்டு. அண்மையில் இரண்டொரு பாலங்கள் எழுந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு ஐபோனும் ஏனைக் கருவிகளுக்குரிய பொது மின்னேற்று முனையை ஏற்றது. இப்போது கலியாண வீட்டில் ஒரே வடம் இரு கட்சியாருக்கும் உதவுகின்றது. 2024ஆம் ஆண்டு இரு குலத்துக்கும் பொதுவான புதிய செய்திமுறையையும் அப்பிள் ஏற்றுக்கொண்டது.

இனி என் சார்பையும் மறையாது கூறவேண்டும். யான் அன்ட்ரொயிட் கட்சியினன். என் காரணம் தமிழ். இதனை யான் பெருமையோடு பல மேடைகளிற் கூறியதுண்டு. அதனையும் தராசில் வைத்துப் பார்த்தேன்.

கையடக்கத் தொலைபேசியில் தமிழெழுத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் முதன்மையானவர். அவருடைய செல்லினம் என்னும் செயலி 2005ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. தொடக்ககால அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில் தமிழ், வெறுங் கட்டங்களாகவோ கொம்பு ஓரிடமும் மெய் ஓரிடமுமாகச் சிதைந்தோ தோன்றியதை யான் கண்டு வருந்தியிருக்கின்றேன். அப்பிள், 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தமிழ் விசைப்பலகையைத் தன் கருவியுள் அமைத்துவிட்டது. அவ்வளவில் ஐபோனே முந்தியது. ஆயின் 2014ஆம் ஆண்டு அன்ட்ரொயிட்டின் ஐந்தாம் பதிப்பு, கருவியின் பட்டி முதற் பிழைச்செய்தி வரை யாவற்றையும் தமிழிற் காட்டும் வசதியைத் தந்தது. அதே பதிப்பிற் சிங்களமும் சேர்க்கப்பட்டது. ஆங்கிலம் அறியாத என் தாயார் அதன்பின்னரே தாமாகத் தொலைபேசியைத் திறந்து பேசலானார். ஐபோன் அவ்வசதியைத் தமிழுக்கு அளித்தது 2025ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை பதினோர் ஆண்டுகள்.

அக்காலத்தில் நடந்த மற்றொன்று என் நெஞ்சை உறுத்துவது. தமிழ்நாட்டிலே திருப்பெரும்புதூரிலுள்ள பொக்ஸ்கொன் ஆலையில் 2019ஆம் ஆண்டு முதல் ஐபோன்கள் பூட்டப்பட்டு வருகின்றன. அங்கே பணிபுரிவோருட் பெரும்பாலார் இளம்பெண்கள். தமிழ்ப் பெண்ணின் விரல் அக்கருவியைப் பூட்டி முடித்து, உலகெங்கும் அனுப்பிற்று. அக்கருவி அவள் மொழியில் அவளோடு பேச ஆறாண்டு ஆயிற்று.

ஆதலின் என் சார்புக்கு நியாயம் இருந்தது. இருந்தது என இறந்தகாலத்திற் கூறுகின்றேன். 2025ஆம் ஆண்டோடு அந்நியாயம் தீர்ந்துவிட்டது. இன்று இரு கருவியும் தமிழிற் பேசுகின்றன. காரணம் போயிற்று; என் கட்சியோ போகவில்லை. அச்செய்தியைக் கேள்வியுற்ற அன்று மகிழ வேண்டிய யான், "அவர்கள் தமிழ் எப்படி இருக்கின்றதோ" என்று பிழைதேட முற்பட்டேன். அப்போதே என் உள்ளத்தை யான் கண்டுகொண்டேன்.

எங்கள் ஊர்ப்பெயரிலுள்ள குறிஞ்சாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. சிறுகுறிஞ்சா என்னும் கொடியின் இலையை மென்றபின் சீனியை வாயிலிட்டால் நாவுக்கு இனிப்புத் தெரியாது; மணலை மெல்வது போலிருக்கும். சருக்கரைக்கொல்லி என அதற்குப் பெயருண்டு. சீனியிற் குறையில்லை, நாவிலும் நோயில்லை. இடையிலே இலை நிற்கின்றது. ஒரு கட்சியைச் சார்ந்துவிட்டவன் அவ்விலையை மென்றவன் போல்வான். மறுகட்சியின் இனிமை அவன் நாவில் ஏறாது. ஐபோன் வைத்திருப்போன் அன்ட்ரொயிட்டைக் கையால் தொடாமலே குறைகூறுவதும், பண்டிதனாகிய யான் அப்பிளின் தமிழிற் பிழைதேடியதும் ஒன்றே.

இத்துணையும் ஆராய்ந்தபின்னும் அம்மையாரின் வினாவுக்கு முழு விடை கிடைத்ததாகத் தோன்றவில்லை. அவர் மகன் கருவியை வைத்திருப்பவனல்லன், வைத்திருக்க ஏங்குபவன். அவ்வேக்கத்தை அவனுள் விதைத்தவர் யார்? விளம்பரக்காரர் மேலும், திரைப்படத்தார் மேலும், வெளிநாட்டிலிருந்து வருவோர் மேலும் பழிபோட யான் ஆயத்தமாயிருந்தேன். ஒருநாள் இரவு, பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்திய ஆண்டு எங்கள் தமிழ் மன்ற விழா. மாணவர் பரிசுபெறும்போது படம்பிடிக்க ஒருவர் தேவைப்பட்டார். மேடையில் நின்ற யான் உரத்த குரலில், "நல்ல போன் வைச்சிருக்கிறவர் யார்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த இம்மாணவன் தன் கருவியோடு பாதி எழுந்தான். திரையின் ஒரு மூலை வெடித்த பழைய அன்ட்ரொயிட் அது. அவனுக்குப் பின்னாலிருந்து மற்றொருவன் ஐபோனை உயர்த்தினான். "ஆ, அது நல்லம், நீர் வாரும்" என்று அவனை அழைத்தேன். முன்னவன் கருவியைச் சட்டைப்பையில் இட்டு அமர்ந்தான். யான் அதனைக் கண்டேன். கண்டும் மேலே நடத்தினேன்.

"அது நல்லம் சேர்" என்று அவன் என்னிடம் கூறிய விடை, யான் மேடையிலிருந்து கூறிய சொல்லே. யான் கற்பித்ததையே அவன் ஒப்பித்தான். உரைநூல்களிற் சொற்பொருள் பிழைத்தால் ஒரு தலைமுறை பிழைபடும் என்று மாணவரை எச்சரிக்கும் யான், நல்லது என்னுஞ் சொல்லுக்கு விலைமிக்கது எனப் பொருள் உரைத்துவிட்டேன். அப்பொருளுக்கு இப்போது ஒரு தாயின் காப்பு ஈடாகப் போகின்றது.

கொவிட் தொற்றினால் 2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது எம் மாணவர் எவ்வாறு பயின்றனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி. அதுவும் தந்தை கடலிலிருந்து மீண்டபின். யான் குரற்பதிவாக அனுப்பிய நளவெண்பாப் பாடங்களை வெடித்த திரைகளும் தேய்ந்த மின்கலங்களும் பிழையறத் தாங்கின. 2021 நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணிப் படகுப்பாதை கவிழ்ந்து எம் பள்ளிப்பிள்ளைகளை நீர் கொண்டபோது, ஊர் முழுதும் தொலைபேசியைச் செவியில் வைத்துத் தன் பிள்ளையின் குரலைத் தேடிற்று. அன்று எவர் கையில் எக்கருவி இருந்தது என்பது எவர் நினைவிலும் இல்லை.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, மேடையில் நடந்ததற்கு வருந்துகின்றேன் என்றேன். அவன் அதனை மறந்திருப்பான் என்று ஒருசிறிது நம்பியிருந்தேன். "பரவாயில்ல சேர்" என்றான். எந்த நிகழ்ச்சி என்று கேட்கவில்லை. இவ்வாண்டுக் கலைவிழாவில் படம்பிடிக்கும் பொறுப்பை அவனுக்கு அளித்தேன். அவன் எடுத்த படங்களுட் பன்னிரண்டு பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. மழையில் நனைந்து கூத்தாடும் சிறுமியர் படமொன்றின்முன் ஆசிரியர் பலர் நின்று பார்க்கின்றனர். காப்பு இப்போதும் அவன் தாயார் கையிலேயே உள்ளது. நாளையும் இருக்குமா என்று யான் உறுதிகூற இயலாது; ஒரு படத்தால் தீரும் ஏக்கமன்று அது.

ஐபோன் வாங்கலாகாது என்பது என் கருத்தன்று. பொருளுடையார் வாங்கலாம், நெடுங்காலம் உழைக்கும் கருவி என்று கணக்கிட்டு வாங்குவோரும் உளர். வாங்குமுன் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுமாறு பெற்றோரையும் இளையோரையும் வேண்டுகின்றேன். இக்கருவியால் யான் செய்யப்போகும் வேலை யாது? எத்தனை ஆண்டு இதற்குப் புதுப்பிப்புக் கிடைக்கும்? எவரும் காணாத ஓரறையிலே தனியே வைத்துப் பயன்படுத்த நேர்ந்தாலும் இதனையே வாங்குவேனா? மூன்றாம் வினாவுக்கு ஆம் என்பவன் அஞ்சாது வாங்குக.

என் தொழில் புரிவோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பிலும் மேடையிலும் "நல்ல போன் யாரிடம்?" என்று கேளாதீர்கள். "படம் எடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை பாதி எழுந்து நிற்கின்றான் என்பதையும் பாருங்கள்.